மகனை வொக்கேஷனல் காலேஜ்ல போடலாமா? ஆலையில பயிற்சின்னு சொல்றாங்களே, அது வேலைக்கு உதவுமா?

போடுங்க. ஆனா ஆலைக்கு அனுப்புறப்ப, அங்க அவனுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்கன்னு விடாம கேளுங்க.

படிவம் மூணு முடிச்ச பையன வெச்சிக்கிட்டு சொந்தக்காரங்க வாய்க்கு பயந்துதான் கேக்குறீங்கன்னு நெனக்கிறேன். "படிப்பு ஏறாதவன்தான் அங்க போவான்"னு லயத்துல எங்கம்மா காதுபடவே சொன்னாங்க.

நான் நெகிரி செம்பிலான்ல பகாவ் பக்கம் தோட்டத்துல பொறந்தவன். 2009ல எஸ்எல்டிஎன்னு சொல்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்துல சேந்தேன். ஜெர்மன்காரங்க முறைய பாத்து 2005ல கொண்டுவந்தது அது, முக்கால்வாசி நேரம் வேலையிடத்துல, மிச்சம் வகுப்புல. எனக்கு கெடச்ச செம்பனை ஆலையில மொத மூணு வாரம் கூட்டுறதும் லோரியிலருந்து சிந்துன பழத்த பொறுக்குறதும்தான், ஆனா லாக்புக்ல, அதான் தெனமும் என்ன கத்துக்கிட்டோம்னு எழுதுற பதிவேட்டுல, "பாய்லர் பராமரிப்பு"ன்னு எழுதி கையெழுத்து போட்டுட்டாங்க. அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

அப்புறம் நைட் ஷிப்ட்ல ஒரு பெரியவர், நீராவி போடுற பாய்லர பாத்துக்குற பாய்லர்மேன், "தம்பி இங்க வா"ன்னு கேஜ் கிளாஸ் முன்னாடி நிக்க வெச்சாரு, பாய்லருக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டுற கண்ணாடி அது. கண்ணாடியில தண்ணி தெரிஞ்சா மட்டும் பத்தாதுடா, கீழ வால்வ தொறந்து தண்ணிய எறக்கு, மூடுனதும் சட்டுன்னு ஏறணும், மெதுவா ஏறுனா வழி அடச்சிருக்கு, நீ பாக்குற அளவ நம்பாதன்னாரு. தண்ணியே காணலன்னா பதறி பம்ப்ப போட்றாத, காஞ்சு பழுத்த இரும்புல தண்ணி பட்டா வெடிக்கும், மொதல்ல எரிக்கிறதுக்கு போடுற செம்பனை நாரும் ஓடும் உள்ள போறத நிறுத்து, தீ அடங்கட்டும்னாரு. ஒவ்வொரு ஷிப்டும் என்னையே செய்ய வெச்சாரு. ஆறு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி தண்ணி மெதுவா ஏறுச்சு, அத கண்டுபுடிச்சது நான்தான். இன்னிக்கு நான் அதே வேலையில சூப்பர்வைசரா இருக்கேன்னா அந்த ராத்திரிதான் காரணம்.

வாத்தியாருங்க கோச்சிக்காதீங்க, வகுப்பு வேணாம்னு சொல்லல. பிரஷர் எப்படி ஏறுதுன்னு படிச்சிட்டு வந்த பசங்களுக்கு நான் சொல்றது சீக்கிரம் புரியுது. ஆனா நீராவி கொறஞ்சா பழத்த அவிக்கிற ஸ்டெரிலைசர் நிக்கும், பழம் காத்துக் கெடக்கும், எண்ணெயில அமிலம் ஏறும், நஷ்டம் யாருக்குன்னு ஆலைக்குள்ள நின்னாதான் ஒறைக்கும்.

இன்னொன்னு, எங்க பக்கம் தோட்டத்துக்குள்ள வர்ற பஸ்ஸ நிறுத்திட்டாங்க, பயிற்சிக்கு வர்ற பசங்க விடியகாலம் அஞ்சு மணிக்கு இருட்டுல மோட்டார்ல வர்றாங்க, லோரி ஓடுற ரோடு அது. இத யாருகிட்ட சொன்னாலும் தலைய ஆட்டுறாங்க, அவ்வளவுதான்.

வாரா வாரம் லாக்புக்க வாங்கி படிங்க, "இத நீயே செஞ்சியா, எப்படி செஞ்ச"ன்னு பையனயே கேளுங்க. நெகிரி பக்கம்னா எந்த ஆலைன்னு கீழ எழுதுங்க, அங்க நல்லா சொல்லிக் குடுக்குற ஆள் இருக்காங்களான்னு விசாரிச்சு சொல்றேன்.