வெப்பக் கணக்கும் ஹீட் பம்ப் தொழிலும்

கேள்வி: குளிர்நாடுகளில் எரிவாயு பாய்லர்களுக்குப் பதிலாக ஹீட் பம்ப் பொருத்தி வீடுகளைச் சூடாக்கும் வேலை பெருகிவருவதாக அறிகிறேன். குழாய்ப் பணியில் அனுபவமுள்ள நான், ஒரு வாரப் பயிற்சி பெற்று இத்தொழிலுக்கு மாறிவிட முடியுமா?

பதில்: உங்கள் அனுபவம் வீண்போகாது. குழாய்களை இணைப்பதும், நீரோட்டத்தைச் சீர்செய்வதும், கசிவு பார்ப்பதும் இங்கேயும் அன்றாட வேலைகளே. இயந்திரத்தை உரிய இடத்தில் வைத்து இணைக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு எந்த அளவு இயந்திரம் தேவை என்று முடிவு செய்யும் திறமை அதற்குள் வந்துவிடாது. இத்தொழிலின் உயிர்நாடி அந்த முடிவுதான்.

பாய்லர் 70, 80 டிகிரி வெந்நீரை அனுப்புவதால், கணக்கில் பிழை இருந்தாலும் அறை எப்படியோ சூடாகிவிடும். ஹீட் பம்ப் வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் ஏற்றித் தருவது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தர வேண்டுமானால், நீரின் வெப்பநிலையை 35 முதல் 50 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அறை 20 டிகிரியில் இருக்கும்போது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடான ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை 70இலிருந்து 50 டிகிரிக்கு இறங்கினால், அது தரும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. ஆகவே, ஒவ்வோர் அறையிலும் சுவர், சன்னல், கூரை, காற்றுக் கசிவு ஆகியவற்றின் வழியாக வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டு, பழைய ரேடியேட்டர் தாங்குமா, பெரியதாக மாற்ற வேண்டுமா என்று உறுதியாகச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய இயந்திரத்தைப் பொருத்துவது நல்ல வழியன்று. குளிர் மிதமாக உள்ள நாட்களில் அது அடிக்கடி நின்று நின்று ஓடி, மின்செலவையும் கம்ப்ரசரின் தேய்மானத்தையும் கூட்டும். பழி இயந்திரத்தின்மேல் விழும். தவறோ கணக்கில் இருக்கும்.

மோனோபிளாக் வகையில், வெப்பத்தைச் சுமந்து செல்லும் குளிரூட்டும் வாயு தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டு வருவதால், நீர்க்குழாய்களை மட்டும் இணைத்தால் போதும். நீங்கள் தொடங்க ஏற்றது அதுவே. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரு பகுதிகளாக வரும் ஸ்பிளிட் வகையில் வாயுவையே கையாள நேர்வதால் பல நாடுகளில் தனிச் சான்றிதழ் கேட்கிறார்கள். புதிய இயந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-290 என்னும் குளிரூட்டும் வாயு புரொப்பேன்தான். எளிதில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் வீட்டுக்கு வெளியே நிற்கும் அலகை வடிகால், தாழ்ந்த சன்னல் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்கச் சொல்கிறார்கள். மின்இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: ஓடும் இயந்திரத்தை நீங்களே இயக்கிச் சரிசெய்ய விடுவார்களா? ஓர் உண்மையான வீட்டை அளந்து முழு வெப்பக் கணக்கையும் போட வைப்பார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் வேறிடம் பாருங்கள். பயிற்சிக்குப் பின், தேர்ந்த ஒருவரிடம் ஒரு குளிர்காலமாவது உதவியாளராக இருங்கள். வெளி அலகில் பனி படிவதையும், அது உருகிய நீர் நடைபாதையில் உறைவதையும் சமாளிப்பதும், வெளிக்குளிருக்கேற்ப நீரின் வெப்பநிலை தானாக மாறும்படி அமைப்பதும் அப்போதுதான் கைவரும்.