பழைய காடிக்கு எந்த எண்ணெய்? – வாசகர் கேள்வி, பட்டறைக்காரர் பதில்

கேள்வி: அண்ணே, 2012 மைவி 1.3 ஆட்டோமேட்டிக் காடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். மீட்டர் 168,000 கி.மீ. காட்டுகிறது. இதற்கு முன் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஒரு பட்டறையில் மினரல் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த சாதாரண எண்ணெய்) போதும், ஃபில்டரோடு 95 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். இன்னொரு இடத்தில் ஃபுல்லி சிந்தெடிக் (முழுச் செயற்கை என்று விற்கும் எண்ணெய்) போடாவிட்டால் இன்ஜின் போய்விடும், 210 வெள்ளி என்றார்கள். பழைய இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஒழுகும் என்று மாமா பயமுறுத்துகிறார். கெப்போங்கிலிருந்து பங்சாருக்கு தினமும் வேலைக்குப் போகிறேன். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கெப்போங்

பதில்: தம்பி, இத்தனை பேர் சொன்னார்களே, ஒருவராவது டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை) இழுத்துப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் எனக்கு வருத்தம். முதல் காடி வாங்குகிற பிள்ளைகளிடம் இன்ஜினைப் பார்க்காமலே விலை சொல்கிறார்கள்.

முதலில் நீங்களே பாருங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் முன்பு வைத்திருந்தவர் ஒழுங்காக சர்வீஸ் செய்திருக்கிறார். கறுப்பாக, தார் மாதிரி அப்பியிருந்தால் அது கசடு. எண்ணெயை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் எண்ணெய்ப் பேச்சை விடுங்கள். ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டை, பார்க்க வேண்டும்.

அடுத்து, வீட்டில் யாரையாவது காடியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நில்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் கெட்டிப்பட்டிருக்கும். ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிற நேரமெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

சரி, எதை ஊற்றுவது? முதல் தடவை விலை குறைந்ததே போதும். மினரலோ செமியோ (மினரலும் சிந்தெடிக்கும் கலந்தது), 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்; எண் கூடினால் கெட்டி), புது ஃபில்டர். அதோடு 2,000 முதல் 3,000 கி.மீ. ஓட்டிவிட்டு எண்ணெயையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிடுங்கள். எந்த நல்ல எண்ணெயிலும் அழுக்கைக் கரைக்கும் மருந்து கலந்திருக்கிறது. அது பழைய கசடைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வரும். எப்படியும் சீக்கிரம் வடிக்கப்போகிற எண்ணெய்க்கு 210 வெள்ளி எதற்கு? இந்த நாள்களில் வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். எண்ணெய் குறைகிறதா இல்லையா என்பதுதான் அடுத்த முடிவுக்கு ஆதாரம். பட்டறையில் இன்ஜின் ஃபிளஷ் (கசடைக் கழுவும் திரவம்) ஊற்றட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரலாறு தெரியாத இன்ஜினில் கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து, எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைத்தால் மேலே எண்ணெய் ஏறாது. அப்போது போவது இன்ஜின்.

மாமா சொல்வதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. சிந்தெடிக் வந்த தொடக்க காலத்தில் சில எண்ணெய்கள் அன்றைய சீல் ரப்பரோடு ஒத்துப்போகவில்லை. இப்போது அந்தத் தொல்லை இல்லை. மினரலிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறலாம், திரும்ப மினரலுக்கும் வரலாம், அவசரத்துக்கு இரண்டும் கலந்தாலும் கெடாது. ஆனால் ஏற்கெனவே வெடித்துப்போன சீலைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், அது கரைந்ததும் ஒழுகல் வெளியே தெரியும். அந்தச் சீல் செத்து ரொம்ப நாளாகியிருக்கும், பழி மட்டும் புது எண்ணெய்க்கு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் ஃபுல்லி என்று விற்பதில் பெரும்பகுதி மூன்றாம் வகை அடிப்படை எண்ணெய். அதுவும் நிலத்தடிக் கச்சா எண்ணெய்தான். ஹைட்ரஜன் சேர்த்து, அதிக அழுத்தத்தில் உடைத்துச் சுத்தம் செய்தது. அதை சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டு, 1999இல் அழைக்கலாம் என்று விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சொல்லிவிட்டது. எண்ணெய் தரமானதுதான், சூட்டை நன்றாகத் தாங்கும். செமியில் எவ்வளவு சிந்தெடிக் இருக்க வேண்டும் என்று கட்டாய அளவு கிடையாது. அதனால் டப்பாவின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரக்குறி எஸ்என் (2010) அல்லது எஸ்பி (2020) என்று போட்டிருந்தால் உங்கள் மைவிக்குத் தாராளம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மினரல் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை என்றால் 10,000 கி.மீ.க்கு இரண்டு தடவை, 190 வெள்ளி. ஃபுல்லி 10,000 தாங்கினால் 210. வித்தியாசம் 20 வெள்ளிதான். ஆனால் நீங்கள் ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஊர்ந்து போகிறீர்கள். சக்கரம் நிற்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மீட்டர் அதை எண்ணுவதில்லை. ஸ்டிக்கரில் 10,000 என்று எழுதித் தந்தாலும், கோலாலம்பூர் நெரிசலில் ஓடும் காடிக்கு நான் 8,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதைத்தான் சொல்வேன்.

உங்கள் காடிக்கு என் முடிவு இதுதான். இரண்டாவது மாற்றத்தில் உள்ளே சுத்தமாக இருந்து, புகையும் இல்லாமல், எண்ணெயும் குறையாமல் இருந்தால் ஃபுல்லி 5டபிள்யூ-30க்குப் போங்கள். மைவியில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதே எண்ணெய் அழுத்தம்தான், டைமிங் செயினும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. அங்கே எண்ணெய் போகும் சின்னத் துளைகள் கசடு பிடிக்காமல் இருப்பது முக்கியம். எண்ணெய் குடிக்கிற இன்ஜின் என்றால் 10டபிள்யூ-40 மினரலோ செமியோ ஊற்றி, 5,000 தாண்டாமல் மாற்றுங்கள். குடித்துத் தீர்க்கிற எண்ணெய்க்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் விட்டுச்சென்ற பழைய வீரா 1.5 காடி இன்னும் ஓடுகிறது. கொஞ்சம் புகைக்கிறது. 20டபிள்யூ-50 ஊற்றினால் நின்றுவிடும் என்கிறார்கள். எண்ணெய் வேறு சீக்கிரமே கறுத்துவிடுகிறது.
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, கறுப்பதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கரியை எண்ணெய் தன்னிடம் ஏந்திக்கொள்கிறது என்று அர்த்தம். நாம் மின்யாக் ஹித்தாம் (கறுப்பு எண்ணெய்) என்று சொல்வதே அதைத்தானே.

கெட்டி எண்ணெய் ஊற்றினால் புகை குறையலாம், ஆனால் தேய்ந்த பகுதி தேய்ந்ததுதான். முதலில் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் வால்வை) பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தாலே இன்ஜின் எண்ணெயை இழுத்து எரிக்கும். சின்ன உருப்படி, பெரிய செலவில்லை. அதற்கு அப்புறமும் புகைத்தால் நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஊற்றலாம். அதிகாலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாமல் மெதுவாக எடுங்கள், கெட்டி எண்ணெய் மேலே ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான காடிகளில் சுமார் 1 லிட்டர்தான். கோயிலுக்குப் புறப்படும் வெள்ளிக்கிழமையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 210 வெள்ளி எண்ணெய் இந்தக் காடிக்கு வேண்டாம். யார் வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: காடிக்கு வாங்கிய ஃபுல்லி சிந்தெடிக் 5டபிள்யூ-30 மீதி இருக்கிறது. என் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா அண்ணே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஊற்றாதீர்கள் தம்பி. உங்கள் மோட்டாரில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். காடி எண்ணெயில், அதுவும் 30 மாதிரி மெல்லியதில், பெட்ரோல் மிச்சமாக உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் தட்டில் பட்டால் வழுக்கும். ரேஸ் கொடுத்தால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி இழுக்காது. டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஜப்பானியத் தரக்குறி) என்று இருப்பதை வாங்குங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. இஎக்ஸ்5க்கு 1 லிட்டர்கூடப் பிடிக்காது, நல்ல மினரல் போதும். மீதியிருக்கும் காடி எண்ணெயை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த சர்வீஸ் வரை காடியில் எண்ணெய் குறையும்போது ஊற்றிக்கொள்ளலாம்.