பதில்: 180 கிலோ கம்ப்ரசரை நான்கு பேர் தூக்கியதில் இடுப்பு பிடிப்பு, விரல் நசுங்கல்

கம்ப்ரசரைத் தூக்கியதில் ஒருவருக்கு இடுப்பு பிடித்தது, ஒருவருக்கு விரல் நசுங்கியது, இன்னும் இரண்டு மெஷின் நகர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அடிபட்டவர்களைப் பார்ப்போம். இடுப்பு வலிக்காரருக்குக் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ, தொடைகளுக்கு இடையில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அது சாதாரணப் பிடிப்பு இல்லை. விரல் நசுங்கியவரின் மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட்டு எக்ஸ்ரே எடுங்கள்.

'நாலு பேர் இருந்தும் எப்படி?' என்று கேட்டிருந்தீர்கள். ஆள் கூடினால் பலம் அதே அளவு கூடாது. மூன்று பேர் சேர்ந்தால் அவரவர் தனியாகத் தூக்கும் எடைகளின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ பாதிதான் பாதுகாப்பு. ஒருவர் பிடி நழுவினால் சுமை சட்டென்று பக்கத்தில் இருப்பவர் மேல் சாயும். இடுப்பு போவது அந்த நொடியில்தான்.

மீதி இரண்டு மெஷினையும் தூக்கவே வேண்டாம், உருட்டுங்கள். ஒன்றரை அங்குல விட்டமுள்ள கனமான இரும்புக் குழாய் நான்கு போதும்; மெஷினைவிட இரு பக்கமும் ஒரு சாண் நீளமாக இருக்கட்டும். கடப்பாரையால் ஒரு ஓரத்தை நெம்பி, அரை அங்குலம் எழும்பியதுமே மரக்கட்டை கொடுங்கள். இப்படி அரை அரை அங்குலமாக ஏற்றிக் குழாயை நுழைத்துவிடுங்கள். கட்டையைக் கையால் பிடிக்காமல் ஒரு கோலால் தள்ளுங்கள். கடப்பாரை வழுக்கும்போதுதான் விரல் மாட்டும். எப்போதும் மூன்று குழாய் அடியில் இருக்கணும். பின்னால் முழுதாக வெளிவந்ததை மட்டும் எடுத்து முன்னால் போடுங்கள். தள்ளு, நிறுத்து என்று குரல் கொடுப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும்.

தரை சரிவாக இருந்தால் உருளை வேண்டாம், மெஷின் ஓடிவிடும். அங்கே பாலட் டிரக்கும் (சுமையை லேசாகத் தூக்கிக் கையால் இழுக்கும் வண்டி) ஒத்துவராது. வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) கட்டி இழுக்கணும், கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது.