பூட்டிய பெட்டியில் வெண்ணெய்

கேள்வி: வீட்டில் காய்ச்சிய கஞ்சா வெண்ணெயில் பத்தே நாளில் பூசணம் பிடித்துவிட்டது. ஏன்?
– வாசகி, டொராண்டோ

பதில்: அடியில் தேங்கிய தண்ணீரும் வடிகட்டாத இலைத்தூளும்தான் காரணம், அம்மா. அதை வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுவதையும் எறிந்துவிடுங்கள். அடுத்த முறை மெல்லிய துணியில் வடிகட்டி, குளிரவைத்து, உறைந்த கட்டியைத் தூக்கி ஈரத்தை ஒற்றியெடுங்கள். காற்றும் வெளிச்சமும் வெண்ணெயைக் காறவைக்கும், வீரியத்தையும் குறைக்கும். நான் இருண்ட நிறப் புட்டியில்தான் வைக்கிறேன். நெடுநாள் வேண்டுமென்றால் சிறு துண்டுகளாக உறையவையுங்கள்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் இதை வீட்டில் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாணில் பூசும் வெண்ணெய்க்கும் இதற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. என் பேத்திக்கு நான்கு வயது. குளிர்சாதனப் பெட்டியைத் தானே திறப்பாள். பெயரும் தேதியும் ஒட்டி, பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள்.