பூனை நாள் முழுக்கத் தூங்குகிறதே, உடம்புக்கு ஏதாவது இருக்குமா?

உங்கள் இரண்டு வயதுப் பூனை பகலெல்லாம் தூங்குகிறது, விடியற்காலையில் கத்தி வீட்டையே எழுப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, விளையாடிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். குட்டிகளும் வயதான பூனைகளும் 20 மணி நேரம்கூடத் தூங்கும்.

பதுங்கிப் பாய்ந்து இரை பிடிக்கிற உடம்பு அது. பாய்ச்சலுக்கு வேண்டிய தெம்பைப் படுத்துத்தான் சேர்த்து வைக்கும். விடியலும் அந்தியும் அதன் வேட்டை நேரம். நான் காசிமேட்டுப் பக்கம் இருக்கிறேன். விடிவதற்கு முன்னால் மீன் ஏலம் நடக்கும்போது துறைமுகத்துப் பூனைகள் படகுக்குப் படகு ஓடும். வெயில் ஏறியதும் வலைக் குவியல் மேல் சுருண்டுவிடும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கும் இதே கணக்குதான்.

அது தூங்குவதை ஒருநாள் உட்கார்ந்து கவனியுங்கள். எங்கள் பூனை பிரிட்ஜ் மேல் முன்கால்களை மடித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கும். தெருமுனையில் மீன்காரம்மா குரல் கேட்டால் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். பெரும்பாலும் இப்படி அரைத்தூக்கம்தான். இடையில் சில நிமிடம் உடம்பு தளர்ந்து, ஒருக்களித்துச் சாய்ந்து, மீசை துடிக்கும், பாதம் உதறும். ஆழ்ந்த உறக்கம் அது. வலிப்போ என்று பதறி உலுக்காதீர்கள். பிள்ளைகள் அப்போது தூக்கிக் கொஞ்ச வந்தால் தடுத்துவிடுங்கள், இதில் தயவே கூடாது. தூக்கம் கெட்ட பூனை சிடுசிடுக்கும், கடிக்கும்.

விடியற்காலைக் கத்தலுக்கு வழி இருக்கிறது. இரவு படுக்கும் முன் கயிறு ஆட்டி ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் சாப்பாடு போடுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதற்குப் பிறவியிலேயே வந்த வரிசை. கத்தியவுடன் எழுந்து தட்டில் சாப்பாடு வைத்தால் அந்தப் பழக்கம் போகவே போகாது.

நம் பக்கத்து ஷீட் வீடுகளில் அக்னி நட்சத்திர நாட்களில் பூனை பாத்ரூம் தரையிலோ தண்ணீர் டிரம் பக்கத்திலோ போய்ப் படுக்கும். விரட்டாதீர்கள், குளிர்ச்சியான இடத்தை அதுவே தேடிக்கொள்கிறது. இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள். நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்பதைவிட, வழக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் படுத்திருப்பது, இருட்டு மூலையில் ஒளிவது, அசந்து தூங்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருப்பது எல்லாம் நோயின் அடையாளங்கள். வயதான பூனை திடீரென்று தூக்கம் குறைந்து இரவெல்லாம் கத்தினாலும் தைராய்டாக இருக்கலாம். கடுவன், அதாவது ஆண் பூனை, சிறுநீர் வராமல் திரும்பத் திரும்ப முக்கினால் மறுநாள் வரை பொறுக்கவே கூடாது. நமக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். அங்கே போவதற்குள் காய்ச்சல் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கொஞ்சம் போனாலும் உயிர் போய்விடும்.