கண்மாய்க்கரைக்கும் கொடைக்கானல் ஏற்றத்துக்கும் ஒரே மேப் போதுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "டல்லாஸில் இருக்கும் ஆச்சி மகன் கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் என்கிற கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்கி அனுப்பினான். ஆன் செய்து பார்த்தால் மதுரையும் திருச்சியும் புள்ளியாகத் தெரிகின்றன, நடுவில் ரெண்டு ரோடு, மற்றதெல்லாம் வெறும் திரை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்மலை, நார்த்தாமலை, கண்மாய்க்கரை என்று சுற்றுவதும் உண்டு. இந்த வருஷம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் ஏறலாம் என்று எண்ணம். 'டோபோ 24கே' வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அது அமெரிக்காவுக்கான டோபோ மேப், அதாவது மேடுபள்ளத்தையும் காட்டும் மேப். 1:24,000 என்பது அந்த நாட்டு நில அளவைத் துறை ஷீட்டின் அளவு, அதை வைத்துத்தான் அந்தப் பெயர். எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அதில் தேவகோட்டை வராது. உங்கள் கருவியிலும் கோளாறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் விற்கிற 32எக்ஸில் டோபோஆக்டிவ் என்று வட அமெரிக்க மேப் ஒன்றை ஏற்றியே கொடுப்பார்கள், மற்ற நாடுகளுக்கு மெயின் ரோடும் பெரிய ஊரும் மட்டும் உள்ள உலக மேப்தான், நீங்கள் பார்த்தது அதைத்தான். இன்னொரு விஷயம், அந்த டோபோஆக்டிவே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவில் செய்ததுதான், அதாவது 2004-இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்துவரும் இலவச வரைபடம். அதே டேட்டாவிலிருந்து இந்தியாவுக்கும் கார்மின் மேப் செய்து இலவசமாகத் தருகிறார்கள். ஓப்பன்டோபோமேப் தளத்துக்குப் போய் ஆசியாவில் இந்தியாவை எடுத்தால் ரெண்டு ஃபைல் கிடைக்கும், ஒன்று மேப், மற்றது சம உயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கிற கோடுகள். ரெண்டும் வேண்டும்.

ஏற்றுவதில் பெரிய வித்தை இல்லை. 32 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு எடுக்கும், பேட்டரிக்கு அடியில் அதற்கு இடம் இருக்கிறது. கார்டை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து, கார்மின் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ரெண்டு ஐஎம்ஜி ஃபைலையும் வைத்தால் முடிந்தது. அப்புறம் செட்டிங்கில் மேப் பகுதிக்குப் போய் ரெண்டையும் டிக் செய்யுங்கள். கோடுகள் உள்ள ஃபைல் கண்ணாடி போல மேப்பின் மேலே படிந்துவிடும், கொஞ்சம் உள்ளே போய்ப் பெரிதாக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும், வரவில்லையே என்று பதற வேண்டாம். ரூட்டிங்கை மட்டும் 'நேர்கோடு' என்று மாற்றிவிடுங்கள். கார் ரூட்டிங்கில் விட்டுவைத்தால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலுக்கு ஊரைச் சுற்றித் தார்ரோடு வழியாக வரச்சொல்லும்.

சரி, மேப் வந்தாச்சு. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கிற உண்மையான கேள்வி, அதற்குப் பதில் சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று.

சம உயரக் கோடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இலவச மேப்களில் பெரும்பாலும் அது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்த உயரங்கள்தான், எஸ்ஆர்டிஎம் என்பார்கள். சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைச் சேர்த்து கம்ப்யூட்டர் கோடு போடுகிறது, யாரும் மலையேறி அளந்ததில்லை. 10 மீட்டர் இடைவெளிக் கோடு என்று விளம்பரம் செய்தால் அசந்துவிடாதீர்கள், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்திருப்பவர் எத்தனை நெருக்கமாகக் கோடு போட்டாலும் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. நார்த்தாமலை மாதிரி சிறிய பாறைக்குன்றுகளில் இது நன்றாகவே தெரியும், மேப்பில் சாதுவாகச் சில வளையங்கள் இருக்கும், நேரில் போனால் வழுக்குப்பாறை. செங்குத்தான பக்கம் எது, ஏறுகிற பக்கம் எது என்று அந்த வளையங்கள் சொல்லாது. ரேடார் அடர்ந்த மரங்களின் தலையிலும் பட்டுத் திரும்பும் என்பதால் காட்டுப்பகுதியில் சில மீட்டர் கூடுதலாகவும் காட்டும். நம் ஊர் டேட்டாவே வேண்டுமென்றால், இஸ்ரோ 2005-இல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம் என்கிற உயர டேட்டா, இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாக இருக்கிறது. அதை கார்மின் ஃபைலாக மாற்றுவது கம்ப்யூட்டரில் கை பழகியவர்கள் வேலை, அதுவும் 30 மீட்டர்தான், உங்களுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

செட்டிநாட்டுச் சமவெளியில் இந்தக் கோடுகளுக்கே வேலை இல்லை என்பேன். தேவகோட்டையிலிருந்து கிளம்பிக் கால் வலிக்க நடந்தாலும் ஒரு கோட்டைத் தாண்டுவது அபூர்வம். இங்கே நடக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது உயரமில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது, கரை எந்தப் பக்கம், வரத்துக்கால் எங்கே குறுக்கே வருகிறது, கலுங்கைத் தாண்டலாமா, வண்டிப்பாதை எங்கே போய்ச் சேருகிறது, இதுதான் கேள்வி. இதில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கொஞ்சம் சறுக்கும். கண்மாயை யாரோ சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரைந்திருப்பார்கள், படம் எடுத்த மாதம் தண்ணீர் இருந்தால் நீலம், அவ்வளவுதான். சித்திரையில் போய்ப் பார்த்தால் அந்த நீலத்துக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும், குறுக்கே நடந்துவிடலாம் என்று இறங்கினால் முள்ளில் மாட்டிக்கொள்வீர்கள். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு. கரைமேல் ஜாம்ஜாமென்று போகிற பாதை பல இடங்களில் மேப்பிலேயே இருக்காது.

இதற்கு நல்ல மருந்து சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோபோ ஷீட். 1767-இல் தொடங்கிய துறை, ஆட்கள் நேரில் நடந்து சரிபார்த்த மேப். கண்மாய்க்கரையைத் தனியாகக் காட்டும், கரைக்குப் பக்கத்தில் 3ஆர், 4ஆர் என்று சின்னதாக ஒரு எண் இருந்தால் தரையிலிருந்து கரை அத்தனை மீட்டர் உயரம் என்று அர்த்தம். வற்றாத நீருக்கு நீலம், காய்ந்துபோகிறதற்குக் கறுப்புக் கோடு. வண்டிப்பாதை, பொதிமாட்டுப் பாதை, ஒத்தையடிப் பாதை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். கிணறு, கோயில் எல்லாம் உண்டு. இதையெல்லாம் எந்த இலவச கார்மின் மேப்பும் இந்த நிதானத்தோடு காட்டுவதில்லை. குறை என்னவென்றால் பழசு. புதுக் காலனிகளும் பைபாஸும் இருக்காது. ஆனால் கண்மாய் இடம் மாறுவதில்லையே.

2017-இலிருந்து பொதுப் பயன்பாட்டுக்கான ஓப்பன் சீரிஸ் ஷீட்களை சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்தில் பதிவு செய்துகொண்டு பிடிஎஃப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஷீட் எண்தான் பலரைக் குழப்பும். பழைய கணக்கில் காரைக்குடி 58ஜே/16. மேற்கே குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் 58ஜே/12. பிரான்மலை 58ஜே/8-இன் மேல் விளிம்பில். உங்கள் தேவகோட்டை பத்து டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே இருப்பதால் 58கே/13. ஓப்பன் சீரிஸில் எண் வேறு மாதிரி சி44 என்று தொடங்கும், இணையதளத்திலேயே மேப்பில் கட்டத்தைத் தொட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். தாத்தா காலத்துப் பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து யாராவது கொடுத்தால் அது எவரெஸ்ட் என்கிற பழைய அளவுமுறையில் இருக்கும், கருவியோ டபிள்யூஜிஎஸ்84 என்கிற ஜிபிஎஸ் அளவுமுறையில் வேலை செய்கிறது. அப்படியே பொருத்தினால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும், கரைமேல் நிற்கிற உங்களைத் தண்ணீருக்குள் நிற்க வைக்கும். ஓப்பன் சீரிஸ் ஷீட்டே டபிள்யூஜிஎஸ்84-இல் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அதைக் கருவியில் ஏற்றுவதற்கு கஸ்டம் மேப் என்று ஒரு வழி உண்டு. ஷீட்டை ஜேபெக் படமாக்கி, கூகுள் எர்த் ப்ரோவில் இமேஜ் ஓவர்லேயாக இடம் பொருத்தி, கேஎம்இசட் ஃபைலாகச் சேமித்து, கஸ்டம்மேப்ஸ் என்ற ஃபோல்டரில் போட வேண்டும். இங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை: கருவி ஒரு துண்டுக்கு 1024-க்கு 1024 பிக்சல்தான் ஒழுங்காகக் காட்டும், பெரும்பாலான மாடல்களில் மொத்தம் 100 துண்டுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஷீட் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் சதுரம், காகிதத்தில் 55 சென்டிமீட்டர். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் ஒரு பக்கம் சுமார் 6,500 பிக்சல், வெட்டினால் 49 துண்டு. ரெண்டு ஷீட்டோடு கோட்டா தீர்ந்தது, உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுக்கோ நாலு ஷீட்டுக்குக் குறையாமல் வேண்டும். அதனால் முழு ஷீட்டை ஏற்றாதீர்கள். அந்த வாரம் நடக்கிற பகுதியை மட்டும் வெட்டிப் போடுங்கள், மற்றது கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

பழனி நடைக்கு மேப்பே வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று கூட்டத்தோடு போகிற பாதை, முன்னால் போகிற காவடியை விடவா கருவி வழி சொல்லிவிடும். ட்ராக் பதிவு செய்ய, அடுத்த தங்கல் எவ்வளவு தூரம் என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம், ரெண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: இடத்தை டிகிரியில் இல்லாமல் மீட்டர் கணக்கில் காட்டும் யூடிஎம் முறையில் வைத்திருந்தால் 78 டிகிரி தீர்க்கரேகையில் மண்டலம் மாறும். காரைக்குடி, மதுரை எல்லாம் 44பி, திண்டுக்கல்லும் பழனியும் 43பி. நடுவில் எண்கள் திடீரென்று தாவும், கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தசம டிகிரியில் வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. உங்கள் இடத்தைப் போனில் யாருக்காவது சொல்வதற்கும் அதுதான் சுலபம், அவர்கள் அப்படியே கூகுள் மேப்பில் அடித்துப் பார்த்துவிடலாம்.

வெள்ளகவி ஏற்றம் வேறு கதை. கும்பக்கரையிலிருந்து கொடைக்கானல் வரை 1,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அங்கே கோடுகள் நிஜமாகவே பேசும். நெருங்கி வந்தால் மூச்சு வாங்கப்போகிறது, விரிந்தால் உட்காரலாம். எஸ்ஆர்டிஎம் கோடுகள் இந்த அளவு மலைக்குப் போதும், பாறை விளிம்புகளை மட்டும் அதை நம்பி அணுகாதீர்கள், டால்பின் நோஸ் பாறை மாதிரி இடத்தை அது வெறும் சரிவாக மழுப்பிவிடும். கோட்டைவிட முக்கியம் பாதை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த வழி எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று போனில் ஆஸ்மாண்ட் போன்ற ஆப்பில் வீட்டிலிருந்தே பாருங்கள், அதே டேட்டாதான். பாதை வளைந்து வளைந்து போயிருந்தால் யாரோ நடந்து பதிந்தது, நேராக வெட்டிக்கொண்டு போனால் யாரோ சாட்டிலைட் படத்தைப் பார்த்து இழுத்தது. முன்பு போனவர்கள் நடந்த தடத்தைப் பதிந்த ஃபைல், ஜிபிஎக்ஸ் ட்ராக் என்பார்கள், ரெண்டு மூன்று கிடைத்தால் ஏற்றிக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தை நம்பலாம், பிரிகிற இடத்தில் ஊர்க்காரரைக் கேட்கத்தான் வேண்டும்.

உங்கள் 32எக்ஸில் காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் வசதி இருக்கிறது, அதற்கு அடுத்த சின்ன மாடலான 22எக்ஸில் கிடையாது, அதனால் அதைப் பயன்படுத்துங்கள். ஏறுவதற்கு முன் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையை விட நல்லது எதுவும் இல்லை, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அடியிலேயே எழுதியிருக்கும். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் அங்கேயே செய்துவிடுங்கள். மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறும்போது, ஒத்தையடிப் பாதையில் நிற்கிறோம், உயரம் இவ்வளவு, ஆக இந்தக் கோட்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க முடியும்.

அப்புறம், வனத்துறை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, கையில் எவ்வளவு நல்ல மேப் இருந்தாலும் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போக முடியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் வழிகாட்டியோடு போகிற 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்யலாம். நீங்கள் போகிற வழிக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தேதி போடுங்கள்.

ஆன்லைனில் 'ஆல் இந்தியா டோபோ' என்று கார்டு விற்கிறவர்களிடமும் பணம் கொடுக்காதீர்கள், பெரும்பாலும் மேலே சொன்ன இலவச ஃபைலே அதில் இருக்கும், பழைய பதிப்பாக. சிட்டி நேவிகேட்டர் என்று கார்மினே விற்பது கார் ஓட்டுகிறவர்களுக்கு, கண்மாய்க்கரையில் உதவாது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது இதைவிடப் பெரிய மாடலாகக் கொண்டுவரட்டுமா என்று ஆச்சி மகன் கேட்டால், ஜிபிஎஸ்மேப் 66i மாடல் மாதிரி இன்ரீச் வசதி உள்ளதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவியை டெலிகாம் துறை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருக்கக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடித்துவைத்துக் கேள்வி கேட்பார்கள்.