சாவியைக் கேட்கும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். விடிகாலை டியூஷனுக்கு அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறான். "எல்லாப் பசங்களும்தான் ஓட்டுறாங்க" என்கிறார் கணவர். அவன் திரும்பி வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். அவனுக்குத் தெரியாமல் வண்டியில் ஜிபிஎஸ் பொருத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, ஜிபிஎஸ் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். பதினெட்டு முடியும்வரை அவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 16 வயதிலேயே ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். அது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு, அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு. இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவைக் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் நான் அபராதத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. விடிந்தும் விடியாத நேரம், தூக்கம் கலையாத பையன், காலி ரோடு. உங்கள் பயம் நியாயமானது.

இப்போதைக்குச் சைக்கிளில் போகட்டும், இல்லையென்றால் அப்பா கொண்டுபோய் விடட்டும். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பரவாயில்லை.

ஜிபிஎஸ் வைப்பது தவறில்லை, ஒளித்து வைப்பதுதான் தவறு. தெரிந்துவிட்ட அன்றே நண்பனின் வண்டிக்கு மாறிவிடுவான். அதில் உங்கள் ஜிபிஎஸ் இருக்காது. நாளை அவன் முறையாக ஓட்டும்போது, அவனிடம் சொல்லியே வையுங்கள்: "மாசத்துக்கு ஒரு தடவை உன்னோட உட்கார்ந்து பார்ப்போம். ஒழுங்கா ஓட்டினா எடுத்துடலாம்." சொன்னபடி எடுத்தும் விடுங்கள்.

அதைவிட நல்ல கண்காணிப்பு பின் சீட்டில் உட்காருவது. பதினெட்டு ஆனதும் எல்எல்ஆர் எடுத்தால் 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம், ஆனால் எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். அவசரப்படாமல் அந்த ஆறு மாதத்தையும் பயன்படுத்துங்கள். லைசென்ஸ் உள்ளவர் கற்றுக்கொடுக்கப் பின்னால் உட்காரலாம், உங்கள் கணவருக்கு அதுதான் வேலை. என் மகன் பழகியபோது நான் அப்படித்தான் போனேன். ஒரு வளைவில் மணல் கிடந்தது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தான், வண்டி லேசாக வழுக்கியது. விழவில்லை. அங்கேயே நிறுத்தச் சொல்லி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்து அதே இடத்தைப் பத்துத் தடவை கடக்க வைத்தேன். வீட்டில் எத்தனை நாள் சொல்லியிருந்தாலும் அது ஏறியிருக்காது.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும். பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவதில் பயனில்லை, விழும்போது முதலில் பறப்பது அதுதான். அதை விட முக்கியம், அப்பாவின் ஹெல்மெட் எங்கே தொங்குகிறது என்பது. அவர் அதைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனால், பையனும் அதையேதான் செய்வான்.

இன்னொன்று உங்களுக்கு. அவன் ரோட்டில் இருக்கும்போது "எங்கப்பா வர்ற?" என்று போன் செய்யாதீர்கள். அம்மாவின் அழைப்பு என்றால் அவன் எடுக்கத்தான் பார்ப்பான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி போனைப் பார்த்தால் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். கிளம்பும்போதும் சேர்ந்ததும் அவனே கூப்பிடட்டும். நடுவில் நீங்கள் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்பதை வீட்டு விதியாகவே வைத்துவிடுங்கள்.

இன்று இரவு கணவர் சாப்பிட்டு முடித்ததும் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். சாவியை எங்கே வைப்பது என்று நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டு, அப்புறம் பையனைக் கூப்பிடுங்கள்.